ஒரே ஒரு நாற்காலி என்றால் யாரை உட்கார வைப்பது? உள்ளூர் வானொலி விருந்தினர்கள்: ஓர் ஒப்பீடு

உள்ளூர் வானொலியில் அரசியலும் ஊர்ப் பிரச்சினையும் பேசும் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஆள் பிடிப்பது என் வேலை. பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். தலைப்புக்குப் பஞ்சமே இருக்காது. குப்பை அள்ளவில்லை, பேருந்து நிற்பதில்லை, பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள் என்று ஏதாவது ஒன்று தானாக வந்து நிற்கும். அதைப் பற்றி யாரைப் பேச வைப்பது என்பதில்தான் வாரத்தில் பாதி நாள் போய்விடும். மன்ற உறுப்பினரா, துறை அதிகாரியா, விஷயம் படித்த நிபுணரா, சங்கத்துக்காரரா, இல்லை அந்தப் பிரச்சினையோடு குடித்தனம் நடத்தும் ஆளா? ஐந்து பேரையும் மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் வந்தால் தொலைபேசி ஓயாது. மன்றத்தில் அவர் கையில் ஓட்டு இருக்கிறது, நேரலையில் சொன்ன வார்த்தையை மறுநாள் மறுக்க முடியாது. இது பெரிய பலம். ஆனால் அவர் பெரும்பாலும் நேயரிடம் பேசுவதில்லை, எதிர்க்கட்சிக்காரரிடம் பேசுகிறார். "ஆவன செய்யப்படும்" என்ற இரண்டு சொல்லில் பத்து நிமிடத்தை ஓட்டிவிடக் கூடியவர்கள் உண்டு.

வானொலி ஓர் அரசியல்வாதிக்கு எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு இன்றும் நான் சொல்லும் உதாரணம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். 1933 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. நீங்கள் வங்கியில் போடும் பணத்தை வங்கி என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, ஏன் மூடினோம், எப்போது திறப்போம் என்று கால் மணி நேரத்துக்குள் சொல்லி முடித்தார். வங்கிகள் திறந்ததும், பயந்து எடுத்த பணத்தை ஜனங்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் யாரையும் திட்டாமல், விஷயத்தை மட்டும் எடுத்துச் சொன்னார். என் நிகழ்ச்சிக்கு வரும் உறுப்பினர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: திட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லுங்கள், பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லுங்கள்.

ஆனால் அன்றைக்கு ரூஸ்வெல்ட்டை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கிற வடிவம் பிபிசியின் 'எனி கொஸ்டின்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சி. 1948-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் தொடங்கியது. ஊர் ஊராகப் போய், உள்ளூர் மக்கள் முன்னால் விருந்தினர்களை உட்கார வைப்பார்கள். என்ன கேள்வி வரும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியாது. நானும் தலைப்பை மட்டும்தான் சொல்வேன், கேள்வித்தாளை அனுப்ப மாட்டேன். இதனாலேயே வராமல் போனவர்கள் சிலர். பரவாயில்லை.

தேர்தல் நெருங்கினால் இந்த நாற்காலியின் விலை ஏறிவிடும். அமெரிக்காவில் 1934-ஆம் வருடத்துத் தகவல்தொடர்புச் சட்டப்படி, ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் போட்டியாளர்களுக்கும் அதே வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும். செய்தி, செய்திப் பேட்டி போன்றவற்றுக்கு மட்டும் பிறகு விலக்கு வந்தது. பிரிட்டனில் தேர்தல் காலத்தில் வேட்பாளர் நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருக்கவே கூடாது. இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது, அரசியல் கட்சிகளுக்கு உரிமமும் கிடையாது. இந்த விதிகளுக்குப் பயந்து யாரையுமே கூப்பிடாமல் விடும் நிலையங்கள் உண்டு. அது எனக்கு ஒப்பாது. பாராளுமன்றத்தில் பதினான்கு நாளுக்குள் விவாதத்துக்கு வரப்போகும் விஷயத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று பிபிசி ஒரு காலத்தில் வைத்திருந்தது. அதாவது ஜனங்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களோ அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. 1956-இல், சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் எகிப்தோடு மோதிய சூயஸ் நெருக்கடி நேரத்தில், அந்த விதியை நிறுத்தி வைத்தார்கள். பிறகு அது திரும்பி வரவே இல்லை.

அப்புறம் 'ஆதரவாக ஒருவர், எதிராக ஒருவர்' என்ற ஏற்பாடு. அமெரிக்காவில் 1949 முதல் 1987 வரை நடப்பில் இருந்த 'நியாயக் கோட்பாடு' என்ற ஒலிபரப்பு விதி, சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் கொடுக்கச் சொன்னது. நோக்கம் நல்லது. ஆனால் அதை இரண்டு பேரை மோதவிடுவது என்று புரிந்துகொண்டால் காரியம் கெட்டது. பள்ளி மூடுவது பற்றி நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஒரு மணி நேரம் அனல் பறந்தது. முடிந்த பிறகு ஒரு தாய் கூப்பிட்டு, "எல்லாம் சரி, என் பிள்ளை ஜூனிலிருந்து எங்கே போவான்?" என்று கேட்டார். அதை நாங்கள் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த மாதிரி ஏற்பாட்டை நான் தொட்டதில்லை.

அதிகாரியிடம் 'ஏன்' என்று கேட்டால் மேலிடத்தைக் காட்டுவார். 'எப்படி' என்று கேளுங்கள், மனிதர் மலர்ந்துவிடுவார். மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். பணியில் இருப்பவரைவிட ஓய்வு பெற்றவர் தாராளமாகப் பேசுவார், ஆனால் அவர் சொல்லும் நடைமுறை இப்போது மாறியிருக்கலாம், சரிபார்க்க வேண்டும். நிபுணரை வரவுசெலவுத் திட்டம் வரும் வாரத்தில் அழைப்பேன். மற்ற நாட்களில் பத்து நிமிடம் போதும்.

சங்கத்துக்காரரைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. அவர் நல்லவர், உழைப்பவர், காலை ஆறு மணிக்கும் போனை எடுப்பவர். ஆள் கிடைக்காத நாளில் கை தானாக அவர் எண்ணுக்குப் போகும். அதுதான் ஆபத்து. வருடத்தில் இருபது தடவை ஒரே குரல் வந்தால், ஊர் என்றால் அவர்தான் என்று ஆகிவிடும். அவர் கூப்பிடாத கூட்டங்களும், அவர் வீட்டுப் பக்கம் இல்லாத தெருக்களும் காற்றில் கரைந்துபோகும்.

இனி ஐந்தாவது ஆள். பேருந்து நிற்காத பிரச்சினைக்கு ஒரு பெண்மணியை அழைத்திருந்தேன். தினமும் வேலைக்குப் போக அந்த நிறுத்தத்தில் நிற்பவர். கையில் பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டு. மூன்று மாதமாக வண்டி வந்த நேரத்தையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். உட்கார்ந்ததும் நோட்டை மைக்குக்குக் கீழேயே விரித்தார். பக்கம் புரளும் சத்தம் சரசரவென்று காதில் ஏறியது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார். இருக்கட்டும் என்று சைகை காட்டினேன். அந்தப் பெண்மணி படித்தார்: "செவ்வாய், ஏழு பத்து, வரவில்லை. ஏழு நாற்பது, வந்தது, நிற்கவில்லை. புதன், ஏழு பத்து, வரவில்லை." அப்படியே இரண்டு பக்கம். குரலில் கோபமே இல்லை. மறுமுனையில் காத்திருந்த போக்குவரத்து அதிகாரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். எந்த உறுப்பினரும் அவரை அப்படிக் கேட்க வைத்ததில்லை.

இந்த நாற்காலிக்குச் சிரமங்கள் அதிகம். மைக்கைப் பார்த்ததும் நாக்கு வறளும், சொல்ல வந்தது மறந்துபோகும். கோபத்தில் யாரையாவது பெயர் சொல்லிக் குற்றம்சாட்டிவிட்டால் அவதூறு வழக்கு வரை போகும். அதற்குத்தான் நேரலையைச் சில நொடிகள் தாமதித்து விடுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. உறுப்பினர் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். இவர் நாளைக்கும் அதே முதலாளியிடம் வேலைக்குப் போக வேண்டும், அதே வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டும். அதனால் முன்னாடியே உட்கார்ந்து பேசுவேன்: பெயர் சொல்லலாமா, தெருவைச் சொல்லலாமா, யாருக்குத் தெரிந்தால் உங்களுக்குக் கஷ்டம்? இந்தக் கால் மணி நேரத்தைச் செலவழிக்க மனமில்லாதவர் சாதாரண ஆட்களை நிகழ்ச்சிக்கு அழைக்கவே கூடாது.

ஸ்டூடியோவுக்கு வர முடியாதவர்கள் விஷயத்தில் வழி காட்டியவர்கள் உண்டு. கனடாவில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றத்தில், விவசாயிகள் பக்கத்து வீட்டில் கூடிக் கேட்டு, விவாதித்து, முடிவை எழுதி அனுப்புவார்கள். 1956-இல் புனே வானொலி அதையே 150 கிராமங்களில் செய்து பார்த்தது. பொலிவியாவில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துச் சொந்த நிலையங்களையே நடத்தினார்கள். விருந்தினர் யார், நேயர் யார் என்ற கோடு அங்கே அழிந்துவிடுகிறது. வருடத்தில் சில தடவையாவது மைக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

சரி, யாருக்கு நாற்காலி? ஒன்றுதான் என்றால், அனுபவிக்கிறவருக்கு. இந்த வாரமே மன்றத்தில் ஓட்டெடுப்பு இருந்தால் மட்டும் உறுப்பினருக்கு. இரண்டு நாற்காலி என்றால் இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பேன், முதல் பத்து நிமிடம் பதவியில் இல்லாதவருக்கு. அந்த வரிசையை மாற்றினால் அவர் பதில் சொல்கிறவராகிவிடுவார். கேட்கிறவராக இருக்க வேண்டியவர்.

வரும் வியாழக்கிழமை நூலக நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேசுகிறோம். வீட்டில் படிக்க இடமில்லாமல் தினமும் மூடும் மணி அடிக்கும் வரை அங்கேயே இருக்கும் ஒரு மாணவன் வருகிறான். உறுப்பினரைக் கூப்பிட்டபோது, வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பையன் முதலில் பேசுவானா?"

"ஆமாம் ஐயா."

கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் புதன்கிழமை சாயங்காலம் நான் ஒரு தடவை நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார்.