"53 நிமிடம்தான் சார்" என்று விற்கப்பட்ட விமான டிக்கெட்: உஷார்

டிராவல் ஏஜென்ட் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் இரண்டு புள்ளிகள், நடுவே ஒரு கோடு. கீழே, தூரம் 312 கி.மீ., விமான நேரம் 53 நிமிடம். "பஸ்ல எட்டு மணி நேரம் சார், அம்மாவுக்கு முட்டி வலி வேற. இதுல ஏறினோம் இறங்கினோம்னு போயிடலாம்." போய்ச் சேரும் அன்று மாலை ஐந்து மணிக்கு அம்மாவை அங்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டேன்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர் விமானமே கிடையாது.

53 எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்கோட்டில் அளந்த தூரம் 312. அதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 23 நிமிடம். ஏறி இறங்க என்று குத்துமதிப்பாக 30. அவ்வளவுதான். விமான நிலையமே இல்லாத ஊருக்கும் இந்தக் கணக்கு ஒரு நேரத்தைக் காட்டும். நிஜமாகவே விமானம் இருந்தாலும், சிறிய ஊர்த் தடங்கள் பலவற்றில் ஓடுவது ஏடிஆர் 72 மாதிரி விசிறி வைத்த விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. சுற்றித்தான்.

எனக்குக் கொடுத்தது எதிர்த் திசையில் இருக்கும் ஒரு பெரிய நகரம் வழியாக. முந்தின நாள் இரவுதான் கவனித்தேன் (என் தப்பு). போன் செய்தால், "கனெக்ஷன்தான் சார், அவங்களே பாத்துப்பாங்க" என்றார்.

யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. 8.20க்கு இறங்க வேண்டியது 9.10க்கு இறங்கியது. பெட்டி பெல்ட்டில் வர 9.35. அடுத்த விமானம் 10.05, கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிட்டார்கள். "இது தனி டிக்கெட் சார், முந்தின விமானம் லேட்டானதுக்கு நாங்க பொறுப்பில்ல." அப்போதுதான் பார்க்கிறேன், இரண்டு நிறுவனம், இரண்டு பிஎன்ஆர் (டிக்கெட்டின் பதிவு எண்). ஒரே பிஎன்ஆராக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது வழக்கம். எங்களுக்கு அது 'நோ ஷோ', அதாவது நேரத்துக்கு வராத பயணி என்ற கணக்கு. அம்மா டிராலி விளிம்பில் உட்கார்ந்து, எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு, "போர்டுல நம்ம பிளேன் இன்னும் இருக்கேடா" என்றார். இருந்தது, 10.05 வரை.

அங்கிருந்து பஸ் பிடித்து இரவு பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். காலையில் நேராக பஸ் ஏறியிருந்தால் மூன்று மணிக்கே போயிருக்கலாம்.

டிக்கெட் எடுக்கும் முன் விமான எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். "டைரக்டா?" என்று கேட்காதீர்கள், "நான்ஸ்டாப்பா?" என்று கேளுங்கள், நடுவில் ஓர் ஊரில் நின்று அதே எண்ணில் கிளம்பினாலும் அது டைரக்ட்தான். மாறிப் போவதென்றால் பயணம் முழுக்க ஆறு எழுத்து பிஎன்ஆர் ஒன்றே ஒன்றா, பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்டு மறுநாள் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். "நான் பறக்குற நேரத்தைத்தானே சார் சொன்னேன்" என்றவர், அதே மூச்சில், "ரிட்டர்ன் டிக்கெட் போட்டுடவா?" என்றார்.