பழைய பைக்குக்கு இ10 நல்லதா, இ20 நல்லதா?

இ10 என்றால் 10 சதவீதம் எத்தனால் (ஒருவகை ஆல்கஹால்) கலந்த பெட்ரோல், இ20 என்றால் 20 சதவீதம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. அதனால் இ10-இலிருந்து இ20-க்கு மாறினால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் இறங்கும். ஆக்டேன் (இன்ஜினில் தட்டல் வராமல் தாங்கும் திறன்) கூடும், பழைய இன்ஜினுக்கு அதனால் பெரிய லாபமில்லை.

என் கவலை ரப்பரில்தான். பழைய கார்புரேட்டரைக் கழற்றிப் பாருங்கள்: ஓ-ரிங் உப்பியிருக்கும், ஹோஸ் விரலில் பிசுபிசுக்கும். இ10-இலும் இது நடக்கும், இ20-இல் வாய்ப்பு அதிகம்.

டேங்கில் சேரும் தண்ணீரை இ20 கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். ஆனால் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஆக, பழைய பைக்குக்கு இ10 தான் மேல்; ஆனால் இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் இ20 தான். சரி, ஹோஸையும் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.