நரம்பைச் சீராக்க எந்தச் செல் வரிசை?

தண்டுவடம் நசுங்கிய ஒருவருக்குச் செல் சிகிச்சை அளிக்கக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. காயம்பட்ட முதல் சில நாள்களில் அழற்சி கடுமையாக இருப்பதால், உள்ளே செலுத்தும் செல்கள் பிழைப்பது அரிது. மாதங்கள் கடந்துவிட்டாலோ தழும்புத் திசு இறுகி, புதிய நரம்பிழைகளுக்கு வழிவிட மறுக்கிறது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு தன் சோதனைக்குக் காயம்பட்ட 14 முதல் 28 நாள்களுக்கு உட்பட்ட நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். ஆகவே மனிதச் செல் வரிசைகளை, அதாவது ஒரே மூலத்திலிருந்து வளர்த்துப் பெருக்கும் செல் தொகுதிகளை, ஒப்பிடும்போது, எது உறைநிலையில் தயாராகக் காத்திருக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

நோயாளியின் சொந்தச் செல் பின்தங்குவதும் இங்குதான். மயாமியில் நடந்த சோதனைகளில், நோயாளியின் கெண்டைக்கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதிலுள்ள, நரம்பிழைகளைச் சூழ்ந்து காக்கும் ஷ்வான் செல்களை ஆய்வகத்தில் சில வாரங்கள் வளர்த்த பிறகே தண்டுவடத்தில் செலுத்தினார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படாது என்பது பெரும் நன்மையே. ஆனால் ஒவ்வொருவருக்கும் புதிதாக வளர்க்க வேண்டும், ஒருவரின் செல்லைப் போல இன்னொருவருடையது பெருகாது. சொந்தச் செல் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் முழுமையானதல்ல. மூக்கின் உட்சவ்வைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி ஒன்று வளர்ந்திருந்ததை 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

தயார்நிலை வரிசைகளில் நுட்பத்தால் என்னை மிகவும் கவர்ந்தது, பிரிட்டனின் ரீநியூரான் நிறுவனம் உருவாக்கிய சிடிஎக்ஸ் வரிசை. கருவின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த குருத்தணுக்களில் (வேறுவகைச் செல்களாக முதிரவல்ல மூலச் செல்களில்), செல்லை ஓயாமல் பெருகவைக்கும் சி-மிக் மரபணுவை, மருந்தைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஓர் ஏற்பியோடு இணைத்து நுழைத்தார்கள். வளர்ப்புக் கரைசலில் டமாக்ஸிஃபென் வகை மருந்து இருக்கும்வரை அந்த மரபணு இயங்கும், செல்கள் பெருகும். மருந்தற்ற மூளைக்குள் சென்றதும் அது அடங்கிவிடும், செல்கள் முதிரத் தொடங்கும். 2010-ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் தொடங்கிய பக்கவாதச் சோதனையில் 11 ஆண்களுக்கு 20 இலட்சம் முதல் 2 கோடி செல்கள்வரை மூளைக்குள் செலுத்தப்பட்டன. செல்களால் நேர்ந்த கடுமையான தீங்கு எதுவும் காணப்படவில்லை. ஆயினும் புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு மரபணு, அடங்கிய நிலையிலேனும், ஒவ்வொரு செல்லிலும் நிலையாக இருக்கிறது என்பதை எடைபோட்டே ஆக வேண்டும்.

சில நாள் வயதுடைய கருவிலிருந்து பெறும் கருமூலக் குருத்தணு வரிசையில் இத்தகைய அந்நிய மரபணு இல்லை. விஸ்கான்சினில் 1998-ஆம் ஆண்டில் உருவான வரிசையிலிருந்து, நரம்பிழைக்கு மையலின் என்னும் காப்புறை இடும் செல்களின் முன்னோடிகளை ஜெரான் நிறுவனம் வளர்த்தெடுத்தது. விலங்குச் சோதனையில் சிறு நீர்க்கட்டிகள் தென்பட்டதால் 2009-ஆம் ஆண்டில் தடைபட்ட மனிதச் சோதனை, 2010 அக்டோபரில் அட்லாண்டாவில் தொடங்கியது. அடுத்த ஆண்டே நிறுவனம் நிதிக் காரணத்தைக் கூறி அதைக் கைவிட்டது. சில நோயாளிகள் தம் உடலையே ஒப்படைத்த ஒரு முயற்சி கணக்கேட்டால் நின்றுபோனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பின்னர் ஆஸ்டீரியாஸ் நிறுவனம் அதே செல்களைக் கழுத்துப் பகுதியில் காயம்பட்ட 25 பேருக்கு அளித்தது.

என் தேர்வு ஐபிஎஸ் செல்கள், அதிலும் கொடையாளர் வங்கியில் சேமித்தவை. கொடையாளரின் இரத்தச் செல்லையே குருத்தணு நிலைக்குப் பின்னோக்கித் திருப்பிப் பெறுவதால் கருமூலம் பற்றிய அறச்சிக்கல் எழுவதில்லை. பலருக்குப் பொருந்தும் திசு வகையுடைய கொடையாளர்களைத் தேடிச் சேர்க்கவும் முடியும். கியோட்டோ வங்கி ஏழு கொடையாளர்களைக் கொண்டே ஜப்பானியரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குப் பொருந்தும் வரிசைகளைத் திரட்டியது. இத்தகைய செல்களிலிருந்து உருவாக்கிய நரம்பு முன்னோடிகளை, ஹிதேயுகி ஒகானோ, மசாயா நகாமுரா ஆகியோரின் கெய்யோ குழு நான்கு நோயாளிகளுக்கு, ஆளுக்கு 20 இலட்சம் வீதம் செலுத்தியது. இருவருக்கு இயக்கம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது, ஒருவர் தாமாக எழுந்து நிற்கிறார் என 2025-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை அது. இயல்பாகவே தேறியிருக்கவும் கூடும் என்பதால், இதை வெற்றியென்று இப்போதே கொண்டாடுவது நோயாளிகளுக்கு நியாயமாகாது.

கட்டி அச்சம் ஐபிஎஸ் செல்களுக்கும் உண்டு, ஏனெனில் முழுமையாக முதிராத சில செல்கள் எஞ்சினாலும் அவை பெருகத் தொடங்கிவிடும். கெய்யோ குழு அவற்றைச் செலுத்துமுன் காமா-செக்ரடேஸ் தடுப்பான் என்னும் வேதிப்பொருளில் ஊறவைத்து முதிரச் செய்தது. அதே குழு விலங்குகளில் இன்னொரு வழியையும் ஆராய்ந்தது. செல்கள் அனைத்தையும் ஒருசேர அழிக்கும் மரபணுவை வைத்தால் கட்டி அடங்கும், ஆனால் அதுவரை இணைப்புப் பெற்ற நல்ல நரம்பணுக்களும் மடிந்து, மீண்டுவந்த அசைவும் போய்விடக்கூடும். மாறாக, ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவை நுழைத்து, பிறகு கான்சைக்ளோவிர் மருந்தைக் கொடுத்தால், பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும் அழிந்து, முதிர்ந்தவை தங்கின. அந்நிய மரபணுவைத் தவிர்த்த வரிசைக்குள் அதையே பாதுகாப்புக்காக மீண்டும் கொண்டுவருவது தயக்கம் தரும் விலைதான். ஆயினும் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த ஒருவரின் தண்டுவடத்தில் திரும்ப எடுக்கவே முடியாத செல்களைச் செலுத்தும்போது, அந்த விலையைக் கொடுப்பதே சரியென்று நினைக்கிறேன்.