‘ஒரே வேளை, எல்லாம் சரியாகிடும்’ என்று பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள்

வெள்ளைப்படுதல், அரிப்பு, வாடை என்று மருந்துக்கடையில் வாயைத் திறந்த அரை நிமிடத்தில் ஒரு சின்னப் பெட்டி மேசைக்கு வந்துவிடும். உள்ளே நான்கு மாத்திரைகள்: ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒன்று, அசித்ரோமைசின் 1 கிராம் ஒன்று, செக்னிடசோல் 1 கிராம் இரண்டு. “ராத்திரி சாப்பிட்டதும் நாலையும் போட்டுக்கோங்க, ஒரே வேளைதான்.” எத்தனை நாளாக இருக்கிறது, அடிவயிறு வலிக்கிறதா, கர்ப்பமா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, எதையும் கேட்பதில்லை. கூட்டம் நெரியும் சில கிளினிக்குகளிலும் இதே கதைதான், அங்கே சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவே வித்தியாசம். இரண்டு வாரத்தில் அதே தொந்தரவோடு திரும்பிப் போனால் அதே பெட்டி மறுபடியும் வரும்.

அந்த மாத்திரைகள் எதுவும் போலி இல்லை. மூன்றும் மூன்று வேறு நோய்களுக்கான நிஜ மருந்துகள். ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கு. செக்னிடசோல் பாக்டீரியல் வஜைனோசிஸுக்கும் (யோனியில் இருக்கும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கும். அசித்ரோமைசின் கருப்பைவாயில் தங்கும், உறவால் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியாவுக்கு. யோனிக்குள் வரும் சாதாரணத் தொற்று எதற்கும் அதனால் பயனே கிடையாது. உங்களுக்கு என்ன நோய் என்று பார்க்கச் சோம்பல்பட்டு, மூன்றில் ஏதாவது ஒன்று பட்டுவிடும் என்ற நம்பிக்கையில் மூன்றையும் உங்கள் வயிற்றுக்குள் அனுப்புகிறார்கள். மூன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மாதச் சுழற்சியின் நடுவில் வரும் வாடையில்லாத, இழுபடும் கசிவு நோயே இல்லை. சோப்பும் வாசனை நாப்கினும் ஒத்துக்கொள்ளாமல் வரும் எரிச்சலுக்கோ, மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சிக்கோ ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

“எனக்குத் தெரியும், இது பூஞ்சைதான்” என்று சொல்பவர்கள்கூட ஏமாறும் இடம் இது. பூஞ்சைத் தொற்று என்று தாங்களாகவே முடிவு செய்து மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் வெறும் பூஞ்சைத் தொற்று இருந்தது. அறிகுறியை மட்டும் வைத்து ஊகித்தால் மருத்துவரும் தவறலாம், அதனால்தான் சோதனை.

அந்தச் சோதனையும் பெரிய வேலை இல்லை. யோனியின் பக்கச்சுவரில் ஒரு பஞ்சுக்குச்சியைத் தொட்டு பிஹெச் தாளில் (அமிலத்தன்மையைக் காட்டும் தாள்) தேய்த்தால் ஒரு நிமிடத்துக்குள் நிறம் தெரிந்துவிடும். ஆரோக்கியமான அளவு சுமார் 3.8 முதல் 4.5 வரை. பூஞ்சையில் பெரும்பாலும் இந்த அளவு மாறாது. பாக்டீரியல் வஜைனோசிஸில் 4.5-ஐத் தாண்டும், டிரைக்கோமோனாஸிலும் பெரும்பாலும் தாண்டும். கருப்பைவாய்ச் சளி, மாதவிடாய் இரத்தம், விந்து மூன்றுமே அளவை உயர்த்திக் காட்டும். அதனால் தீட்டு நாட்களிலும் உறவு கொண்ட மறுநாளும் எடுத்த சோதனையை நம்ப வேண்டாம். அடுத்து, கசிவில் ஒரு துளியைச் சலைனோடு (உப்புநீர்) ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரம் தெரியாதபடி பாக்டீரியா அப்பிக்கொண்ட செல்கள் இருந்தால் அவை ‘க்ளூ செல்’. துடித்து ஓடும் உயிரி தெரிந்தால் டிரைக்கோமோனாஸ். இன்னொரு துளியில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் மீன் வாடை கிளம்புகிறதா என்று முகர்வார்கள். அதே துளியில் பூஞ்சையின் இழைகளும் தெளிவாகத் தெரியும். மெல்லிய, பால்போல் படியும் கசிவு, 4.5-க்கு மேல் பிஹெச், மீன் வாடை, 20 சதவீதத்துக்கு மேல் க்ளூ செல்: இந்த நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ். இதற்கு ஆம்செல் அளவுகோல் என்று பெயர்.

லேபிலும் ஓர் ஓட்டை உண்டு. டிரைக்கோமோனாஸ் ஸ்லைடில் நீந்துவதைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். துளியை எடுத்துப் பத்து நிமிடத்துக்குள் பார்க்காவிட்டால் அது சோர்ந்து அசையாமல் நின்றுவிடும், ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று வரும். உடனே பார்த்தாலும் இந்த முறை நிறையப் பேரைத் தவறவிடுகிறது. சந்தேகம் இருந்தால் மரபணு அடிப்படையிலான ‘நாட்’ சோதனை கேட்டு வாங்குங்கள்.

இப்போது ‘ஒரே வேளை’ என்ற வாக்கு எந்த நோய்க்கு எவ்வளவு செல்லும் என்று பார்ப்போம்.

பூஞ்சைக்கு நன்றாகவே செல்லும். எப்போதாவது வரும், கடுமையில்லாத பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரு மாத்திரை முறையான சிகிச்சைதான். ஃப்ளூகோனசோல் சேர்ந்த அசோல் வகை மருந்தை முழுதாக எடுப்பவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்குக் குணம் தெரியும். கடுமையாக வீங்கிச் சிவந்திருந்தால் 72 மணி நேரம் கழித்து இன்னொரு 150 மி.கி. தேவைப்படும். வருடத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் கதை வேறு: முதல், நான்காம், ஏழாம் நாட்களில் ஒவ்வொரு டோஸ், பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம். அதோடு சர்க்கரையும் பார்க்க வேண்டும், எந்த வகைப் பூஞ்சை என்று கல்ச்சரும் செய்ய வேண்டும். க்ளாப்ரேட்டா என்ற பூஞ்சை வகை இந்த மாத்திரைக்கு அவ்வளவாக அசையாது. ஒவ்வொரு மாதமும் ஒற்றை மாத்திரை விற்கும் கடைக்காரருக்கு இதெல்லாம் தேவையில்லாத விவரம்.

பாக்டீரியல் வஜைனோசிஸுக்குப் பாதிதான் செல்லும். செக்னிடசோல் 2 கிராம் ஒரே வேளை என்பதை அமெரிக்க மருந்து ஆணையம் 2017-ல் இந்த நோய்க்கு ஏற்றுக்கொண்டது. உடலில் அதன் அரை ஆயுள் (மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 17 மணி நேரம் என்பதால்தான் ஒரு வேளை போதும் என்கிறார்கள். அந்த ஒப்புதலுக்கு வழிவகுத்த இரண்டு சோதனைகளில் ஒன்றில் சுமார் 68 சதவீதமும் மற்றொன்றில் சுமார் 53 சதவீதமும் குணம் கிடைத்தது. வெற்று மருந்து எடுத்தவர்களில் 20 சதவீதத்துக்கும் கீழே. மருந்து வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ‘எல்லாம் சரியாகிடும்’ என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டியில் முதல் வரிசையில் இருப்பவை செக்னிடசோலின் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ரோனிடசோல் 500 மி.கி. தினம் இரண்டு வேளை 7 நாள், அல்லது உள்ளே வைக்கும் 0.75% மெட்ரோனிடசோல் ஜெல் 5 நாள், அல்லது 2% க்ளின்டமைசின் க்ரீம் 7 இரவு. செக்னிடசோல் மாற்று வரிசையில் வருகிறது. மெட்ரோனிடசோல் 2 கிராமை ஒரே வேளையாகக் கொடுக்கும் பழைய முறை அதில் பரிந்துரைக்கப்படவே இல்லை.

எதை எடுத்தாலும் இந்த நோய் திரும்பி வருவது சகஜம். கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியா செல்களின் மேல் ஒரு படலம் கட்டிக்கொள்கிறது; மருந்து மேலே இருப்பதைக் கொல்லும், அடியில் இருப்பது மீண்டும் தலைதூக்கும். காவல் காக்கும் நல்ல பாக்டீரியாவான லாக்டோபாசிலஸும் உடனே திரும்பி வருவதில்லை. ஒரு வருடத்துக்குள் பாதிப்பேருக்கு மேல் மறுபடி வருகிறது. இதை முதலிலேயே சொல்லாமல் விற்பதைத்தான் ஏமாற்று என்கிறோம்.

டிரைக்கோமோனாஸில் ஒரே வேளை பல காலம் நிலையான சிகிச்சையாக இருந்தது. 2018-ல் வெளிவந்த சோதனை ஒன்று அதை மாற்றியது: மெட்ரோனிடசோல் 2 கிராம் ஒரே வேளையாக எடுத்த பெண்களில் 19 சதவீதத்தினருக்கு நான்கு வாரம் கழித்தும் கிருமி இருந்தது, 7 நாள் எடுத்தவர்களில் 11 சதவீதம். அதனால் 2021 முதல் அந்த வழிகாட்டி பெண்களுக்கு 500 மி.கி. இரண்டு வேளை 7 நாள் என்கிறது, ஆண்களுக்கு 2 கிராம் ஒரே வேளை அப்படியே தொடர்கிறது. அதே குடும்பத்து டினிடசோல் 2 கிராம் ஒரே வேளை இருவருக்குமே மாற்றாக இருக்கிறது. கிளமிடியாவிலும் இதே மாற்றம் வந்துவிட்டது: டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை 7 நாள்தான் முதல் தேர்வு, அசித்ரோமைசின் 1 கிராம் பின்வரிசைக்குப் போய்விட்டது (கர்ப்பிணிகளுக்கு மட்டும் இன்னும் அதுவே).

அளவிலும் ஏமாற்றுகிறார்கள். ‘ஒரே வேளை’ என்றால் ‘ஒரே மாத்திரை’ என்று பொருள் இல்லை. 2 கிராம் என்பது 500 மி.கி. டினிடசோலில் நான்கு மாத்திரை, 400 மி.கி. மெட்ரோனிடசோலில் ஐந்து. அட்டையிலிருந்து ஒரே ஒரு 400 மி.கி. மாத்திரையைக் கத்தரித்து “ஒரு வேளை போதும்” என்று கொடுத்தால் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு. தொந்தரவு கொஞ்சம் அடங்கும், கிருமி சாகாது. வெட்டிய துண்டில் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் இருக்காது என்பது இன்னொரு தலைவலி. செக்னிடசோல் குருணையாக வந்தால் தயிர்போல மென்மையான உணவில் தூவி, மெல்லாமல் அரை மணி நேரத்துக்குள் முழுவதையும் விழுங்க வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்பவர் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்கவில்லை.

கேட்காமல் கொடுப்பதால் வரும் ஆபத்துகள் வேறு. கர்ப்பத்தில் ஃப்ளூகோனசோல் மாத்திரை வேண்டாம். பூஞ்சைக்கு உள்ளே வைக்கும் அசோல் மருந்து 7 நாள் வைப்பதுதான் முறை. டினிடசோலும் கர்ப்பத்தில் வேண்டாம். செக்னிடசோல் எடுத்தால் 96 மணி நேரம் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் தாளிலேயே இருக்கிறது. ஃப்ளூகோனசோலும் அசித்ரோமைசினும் இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளியை (ஈசிஜியில் தெரியும் ஓர் அளவு; நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்) நீட்டக்கூடியவை. ஏற்கெனவே துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் அதே தன்மையுள்ள வேறு மாத்திரை சாப்பிடுபவர்களும் இரண்டையும் ஒரே இரவில் விழுங்குவது விளையாட்டு இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஃப்ளூகோனசோலும் மெட்ரோனிடசோலும் அதன் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவு அபாயத்தை ஏற்றிவிடும். அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது உள்ளே வலி இருந்தால் தொற்று கருப்பை, கருக்குழாய் வரை ஏறியிருக்கலாம். அதற்கு எந்த ஒரு வேளைப் பெட்டியும் சிகிச்சை ஆகாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

துணைவருக்கும் ஒரு பெட்டி கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. டிரைக்கோமோனாஸ் என்றால் அவருக்குக் கட்டாயம் மருந்து வேண்டும், இருவரும் முடித்து அறிகுறிகள் போகும் வரை உறவு கூடாது. பூஞ்சைக்குப் பொதுவாகத் தேவையில்லை. பாக்டீரியல் வஜைனோசிஸுக்கும் தேவையில்லை என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2025-ல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் ஆணுக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. இரண்டு வேளையும், ஆணுறுப்பில் தடவ 2% க்ளின்டமைசின் க்ரீமும் 7 நாள் கொடுத்தபோது, 12 வாரத்தில் பெண்ணுக்கு நோய் திரும்புவது 63 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது. கவனியுங்கள், அங்கேயும் 7 நாள்.

பெட்டியோடு சேர்த்துத் தள்ளிவிடும் வாசனை வாஷை வாங்காதீர்கள். உள்ளே பீய்ச்சிக் கழுவுவது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். க்ளின்டமைசின் க்ரீம் வைத்தவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அதன் எண்ணெய்ப் பசை லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும், 5 நாளுக்கு அதை நம்ப முடியாது.

ஏற்கெனவே நான்கையும் விழுங்கியவர்கள் இன்னொரு பெட்டி வாங்காமல் காலி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், விழுங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் ஓரிரு நாளில் போய்விடும். சில நாள் கழித்துத் தயிர்க்கட்டிபோல் கசிவும் புதிதாக அரிப்பும் வந்தால் பயப்பட வேண்டாம், அது ஆன்டிபயாடிக்கே கிளப்பிவிட்ட பூஞ்சையாக இருக்கலாம். செக்னிடசோல் சோதனைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு அப்படி வந்தது. பழைய தொந்தரவு அப்படியே இருந்தால் மருத்துவரிடம் முதலில் அட்டையைக் காட்டிவிட்டுப் பிறகு சோதனைக்குக் கொடுங்கள், ஏனென்றால் அரைகுறையாக அடங்கிய கிருமி ஸ்லைடில் தெரியாமல் போகும். டிரைக்கோமோனாஸ் உறுதியாகி மருந்து முடித்தவர்கள் தொந்தரவே இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்குள் மறுபடி ஒரு முறை சோதிக்க வேண்டும். நாட் சோதனை என்றால் மருந்து முடிந்து மூன்று வாரம் பொறுத்துச் செய்யுங்கள், அதற்கு முன் செத்த கிருமியின் மிச்சமே பாசிட்டிவ் என்று காட்டிவிடலாம்.