இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்: ருசிக்கு 4, சத்துக்கு 1

ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் சத்தான உணவா என்று கேட்டால், இல்லை. பெரும்பாலானவை மைதா, அதுவும் ஈரம் போக எண்ணெயில் பொரித்தது, அதனால் அடுப்பில் வைக்கும் முன்பே கொழுப்பு உள்ளே ஏறியிருக்கிறது. நார்ச்சத்து சொற்பம்.

பெரிய தலைவலி மசாலா பாக்கெட்தான். பெரியவர்களுக்கே உப்பில் இருக்கும் சோடியம் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. பல நூடுல்ஸ் பாக்கெட்டுகள் ஒரே வேளையில் அதில் பாதியை நெருங்கிவிடுகின்றன. பின்பக்க அட்டவணையைப் பாருங்கள், சிலதில் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும், பாக்கெட்டின் எடைக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும். எல்லோரும் எம்எஸ்ஜியை, அதாவது ருசி கூட்டும் அஜினோமோட்டோவைத் திட்டுகிறார்கள், எனக்கென்னவோ உப்புதான் கவலை.

'காய்கறி' என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம், சில காய்ந்த கேரட் துணுக்குகள், அவ்வளவுதான். சரி, எப்போதாவது செய்வதென்றால் மசாலாவில் பாதி போதும், முட்டையும் நிஜக் காய்கறியும் சேருங்கள். அப்புறம், கப் நூடுல்ஸைச் சின்னப் பிள்ளைகள் கையில் சூடாகக் கொடுக்காதீர்கள், சட்டென்று கவிழ்ந்து மேலே கொட்டிவிடும்.