அலுவலகப் பிரெஞ்சு வகுப்பு: கோலாலம்பூரில் இரண்டு ஆண்டு அனுபவம்

கோலாலம்பூரில் இயங்கும் ஒரு பன்னாட்டு அமைப்பின் அலுவலகத்தில், பயண ஏற்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விமானச் சீட்டு, விசா, தினப்படி, திரும்பி வந்தவர்கள் ஒப்படைக்கும் ரசீதுகள் ஆகியவையே நாள்தோறும் என் மேசைக்கு வருபவை. எங்கள் அலுவலகம் ஊழியர்களுக்காக இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை பிரெஞ்சு வகுப்பு நடத்தியது. முதல் ஆண்டு ஒரு நிலையம் கற்பித்தது. மறு ஆண்டு வேறொரு நிலையம் கற்பித்தது. இரண்டிலும் முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை அமர்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாவது பெரும்பாலும் வீண், இரண்டாவது, குறைகள் இருந்தபோதிலும், கொடுத்த பணத்துக்கும் நேரத்துக்கும் தகுதியானது. ஒன்றைப் பற்றிக் குறை கூற வேண்டியிருப்பதால் இரண்டு நிலையங்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இதே போன்ற வகுப்பைத் தேடும் அலுவலகங்களுக்குப் பெயரைவிட, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே பயன்படும்.

மலேசியாவில் இருந்துகொண்டு பிரெஞ்சு எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபைக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யம், சீனம், 1973-இல் சேர்ந்த அரபு என ஆறு அலுவல் மொழிகள் உண்டு. ஆனால் அதன் செயலகத்தின் பணிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே. அந்த வழக்கத்தையே பல பன்னாட்டு அமைப்புகளிலும் காணலாம். எங்களுக்கு அது தொலைபேசி வழியாக வந்து சேர்கிறது. ஜெனிவா அலுவலகத்தாரும், செனகல் நாட்டின் டாக்கார் அலுவலகத்தாரும் ஆங்கிலம் அறிந்தவர்கள்தாம். ஆயினும் அவசரம் என்றால் அவர்களுக்குப் பிரெஞ்சுதான் வாயில் வருகிறது. சீட்டில் பெயர் தவறாக அச்சாகி, விமானம் புறப்பட மூன்று மணி நேரமே இருக்கும்போது, மறுமுனையில் இருப்பவரை ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லுங்கள் என்று கேட்பதற்குச் சங்கடமாக இருக்கிறது.

முதல் நிலையத்தின் விளம்பர ஏடு பன்னிரண்டு வாரத்தில் ஏ2 நிலையை எட்டலாம் என்று உறுதி அளித்தது. ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகள் ஐரோப்பிய பேரவை 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலைச் சேர்ந்தவை; ஏ1 தான் அடிப்படை நிலை. பிரெஞ்சு கற்பிக்கும் மையங்கள் பொதுவாகக் கூறும் கணக்குப்படி ஏ1 முடிய 60 முதல் 100 மணி நேரமும், ஏ2 முடிய மொத்தம் 160 முதல் 200 மணி நேரமும் வகுப்புத் தேவை. வாரம் இருமுறை, முறைக்கு இரண்டு மணி நேரம் என்றால் பன்னிரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வருகிறது. இந்தப் பெருக்கல் கணக்கை யாராவது ஒருவர் போட்டுப் பார்த்திருந்தால் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்காது. நானும் போட்டுப் பார்க்கவில்லை. சேரும் ஆர்வத்தில் இருந்தேன்.

அந்த வகுப்பு மாலை 5.30-க்குத் தொடங்கியது. வேலை முடிந்ததும் வகுப்பு என்பது தாளில் பார்க்கச் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் டாக்கார் நமக்கு 8 மணி நேரம் பின்தங்கியது. இங்கே மாலை 5 மணி ஆகும்போதுதான் அங்கே காலை 9 மணி, அலுவலகம் திறக்கும் வேளை. ஆகவே பிரெஞ்சு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே அந்நேரம் தொலைபேசியில் சிக்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் ரமலான் மாதம் வந்தது. நோன்பு திறக்கும் நேரம் இரவு ஏழு மணியைத் தாண்டி வரும். வீடு போய்ச் சேர வேண்டுமானால் நெரிசலில் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் முஸ்லிம்கள். அந்த ஒரு மாதம் மட்டும் வகுப்பைக் காலையில் வைக்கும்படி கேட்டோம். அட்டவணையை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. கோலாலம்பூரில் வகுப்பு நடத்தும் ஒரு நிலையம் ரமலானை எதிர்பாராத இடையூறாகக் கருதியதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாடமும் எங்களைச் சேர்ந்ததாக இல்லை; காப்பிக்கடையில் ரொட்டி கேட்பதும், விடுமுறைக்குக் கடற்கரை போவதும், பாரிஸ் சுரங்க ரயிலில் வழி கேட்பதுமாகப் பன்னிரண்டு வாரம் கழிந்தது.

இரண்டாவது நிலையம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் சிறிய இடம். கற்பித்தவர் ஈப்போவில் பிறந்து, பிரான்சில் படித்துத் திரும்பிய ஒரு மலேசியச் சீனப் பெண்மணி. முதல் வாரம் முழுதும், மலாயில் ஆசிரியரை அழைக்கும் பழக்கத்தில், அவரைச் 'சிக்கு' என்றே அழைத்தோம், அவரும் மறுக்கவில்லை. வகுப்பு தொடங்கும் முன்பே இரண்டு காரியங்கள் செய்தார். கணினியில் கட்டம் நிரப்பும் நிலைத்தேர்வுக்குப் பதிலாக, ஒவ்வொருவருடனும் பதினைந்து நிமிடம் பேசி, எந்தெந்த மொழிகள் தெரியும், அலுவலகத்தில் பிரெஞ்சு எங்கே எதிர்ப்படுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, எங்களுக்கு உண்மையில் வந்த பிரெஞ்சு மின்னஞ்சல்களில் பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு இருபது முப்பது தரும்படி கேட்டார். பாடநூலைப் பாதியாகக் குறைத்து, மீதிப் பாதியை அந்த மின்னஞ்சல்களிலிருந்தே அமைத்தார். வகுப்பைக் காலை 8 மணிக்கு, எங்கள் கூட்ட அறையிலேயே வைத்தார்; அந்நேரம் ஜெனிவாவும் டாக்காரும் உறங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ் பேசுபவர்களுக்கு இந்த வகுப்பில் கிடைத்த ஒன்றை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சில் மூக்கொலி உயிர்கள் உண்டு. நல்ல என்று பொருள்படும் 'போன்' என்ற சொல்லில் கடைசி ன் தனியாக ஒலிக்காது, ஓகாரமே மூக்கு வழியாக வெளிவர வேண்டும். மலாய்த் தோழிகள் அதைப் 'போங்' என்று முடித்தார்கள். நான் சொன்னதும் ஆசிரியர் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். பிறகுதான் எனக்கே விளங்கியது: 'வரோம்' என்று நாம் பேசும்போது கடைசி மகரம் உதட்டில் முழுதாகச் சேர்வதில்லை; 'மரம்', 'வந்தான்' என்று எழுதுவதையும் பேச்சில் மூக்கொலியோடுதான் முடிக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, மலாய் பிடிபடுவதற்கென்றே ஓராண்டு கூடுதலாகப் புகுமுக வகுப்பில் அமர்ந்தவன் நான். என் தாய்மொழி இன்னொரு மொழிக்குத் தடை என்றுதான் அந்த ஆண்டு முழுவதும் கேட்டேன். அது உதவியாகவும் இருக்கும் என்று ஓர் ஆசிரியர் வகுப்பறையில் காட்டியது எனக்கு அதுவே முதல் முறை. மலாய்த் தோழிகளுக்கும் அவர்கள் பங்கைக் கொடுத்தார்: மலாயின் 'எ பெப்பெட்', அதாவது ஆறு என்று பொருள்படும் 'எனாம்' என்பதன் முதல் ஒலி, பிரெஞ்சின் 'லெ', 'தெ' ஆகியவற்றுக்கு மிக நெருங்கியது, அதில் அவர்கள் எங்களை முந்தினார்கள்.

பெயர்ச்சொற்களின் பால் எங்களுக்குக் கடினமாகவே இருந்தது. அஃறிணைக்கு ஆண்பாலும் பெண்பாலும் ஏது என்று தமிழ் மனம் முரண்டுபிடிக்கிறது. ஆசிரியர் விதி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எங்கள் செலவுக்கோரிக்கைப் படிவத்தையே பலகையில் ஒட்டி, 'லா ஃபாக்த்யூர்' என்றால் விலைப்பட்டியல், 'லெ ரெசு' என்றால் ரசீது, 'லெ பியே' என்றால் பயணச்சீட்டு என முன்னொட்டோடு சேர்த்தே ஒவ்வொரு கட்டத்தையும் படிக்க வைத்தார். தினமும் கையில் புரளும் தாள் என்பதால் அவை மறக்கவில்லை.

எண்களுக்கு மட்டும் அவர் ஐந்து வகுப்புகளைச் செலவிட்டார். அதுவே இந்தப் பயிற்சியின் ஆகச்சிறந்த பகுதி. பிரெஞ்சில் 70 என்பது அறுபது-பத்து. 80 என்பது நான்கு-இருபது. 97 என்பது நான்கு-இருபது-பதினேழு. எங்களுக்கு இது முற்றிலும் அந்நியம் அன்று. எண்பதுக்குப் பின் 'தொண்ணூறு' என்று நூற்றையும், எண்ணூறுக்குப் பின் 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்தையும் இழுத்துக்கொண்டு எண்ணுகிறவர்கள்தாமே நாம். ஆனால் தொலைபேசியில் கேட்டு எழுதுவது வேறு விஷயம். மலேசியாவில் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வோம். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். 'சுவசாந்த்', அதாவது அறுபது, என்று காதில் விழுந்ததும் கை 6 என்று எழுதிவிடும்; அடுத்த நொடி பதினேழைக் குறிக்கும் 'தி-ஸெத்' வந்து அது 77 என்று ஆகிவிடும். செனகல் நாட்டுக் கைப்பேசி எண்கள் பெரும்பாலும் 77, 78, 76, 70 என்றே தொடங்குவதால், டாக்காரிலிருந்து வரும் ஏறக்குறைய எல்லா எண்ணும் இந்தச் சிக்கலில்தான் ஆரம்பமாகிறது. ஜெனிவாக்காரர்களோ 70-ஐ 'ஸெப்தாந்த்' என்றும் 90-ஐ 'நொனாந்த்' என்றும் நேராகச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு ஊரிலிருந்தும் அழைப்பு வருவதை அறிந்து இரண்டு முறையையும் கற்பித்தார். முதல் எண்ணைக் கேட்டதும் எழுதாமல் ஒரு மூச்சு காத்திருக்கப் பழக்கினார்.

வரவேற்பு மேசையில் ஐம்பது வயதைக் கடந்த அக்கா ஒருவர் இருக்கிறார். பேராக் தோட்டப்புறத்தில் பிறந்தவர். முதல் ஆண்டு வகுப்பில் மூன்றாம் வாரமே நின்றுவிட்டவர். ஒன்பதாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை 5 மணி கடந்து, நான் கிளம்பும் நேரத்தில் அவருடைய தொலைபேசி ஒலித்தது. "போன்ஜூர் மிசியு. நெ கித்தே பா, ஜெ வூ லெ பாஸ்" என்று சொல்லி, இணைப்பை நிறுத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தொலைபேசியை வைத்துவிடாதீர்கள், அவரிடம் தருகிறேன் என்பது பொருள். "தம்பி, நம்பரை எழுதிட்டேன். சரியான்னு நீ ஒரு தடவை கேட்டுப் பாரு" என்றார். அவர் தாளில் ஒரு 6 எழுதி, அதன்மேல் கோடு கிழித்து, பக்கத்தில் 77 என்று அழுத்தி எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்தேன், ஒன்பது இலக்கமும் சரியாக இருந்தன.

குறைகளையும் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்தில் பேச்சுக்கும் கேட்பதற்கும் அள்ளிக் கொடுத்ததால் எழுத்து மெலிந்துவிட்டது. வந்த மின்னஞ்சலைப் புரிந்துகொள்ள முடிகிறது. பதில் எழுதத் தொடங்கினால் இரண்டாம் வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வாரமும் ஆசிரியரின் குரல் ஒன்றையே கேட்டுப் பழகினோம். டாக்காரின் உச்சரிப்பும் வேகமும் வேறு, அந்தக் குரல்களில் ஒன்றுகூட வகுப்புக்குள் வரவில்லை. தவறவிட்ட வகுப்புக்கு ஈடு கிடையாது என்பதும் பயணத்தில் இருக்கும் ஊழியர்களுக்கு அநியாயம். வீட்டுப் பயிற்சிக்கென்று கொடுத்த செயலி பயனற்றது. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. கட்டணம் ஒருவருக்கு 1,400 ரிங்கிட்; முக்கால் பங்கை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. முழுதையும் நானே கட்ட வேண்டியிருந்தால் சேர்ந்திருப்பேனா என்று கேட்டால், எண் வகுப்புகளுக்காகவே சேர்ந்திருப்பேன்.

முடிவில் பிரெஞ்சு மொழிச் சான்றிதழுக்கான டெல்ஃப் ஏ1 தேர்வு எழுதினேன். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். மொத்தம் 50 பெற்றால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது. எனக்கு 71 கிடைத்தது. பேச்சில் 22, எழுத்தில் 13. மேலே சொன்ன குறையை அந்தத் தாளே காட்டுகிறது.

இதே நிலையம் எங்கள் அயல்நாட்டு ஊழியர்களுக்கு மலாயும் கற்பித்தது. அது சுமார்தான். நீங்கள் என்பதற்கு 'அண்டா', இல்லை என்பதற்கு 'தீடாக்' என்று விளம்பரப் பலகை மொழியைக் கற்று வந்தவர்கள், காவலாளி அந்தத் 'தீடாக்'கைப் பேச்சுவழக்கில் 'தாக்' என்று சொல்வதைக் கேட்டுத் திகைத்து நின்றார்கள். கெடாவிலும் பேராக்கிலும் தோட்டப்புறங்களுக்குச் செல்லும் அதிகாரிகளுக்குத் தமிழ் வகுப்பு ஒன்று வேண்டும் என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். அங்கே ஒரு பாட்டியிடம் வணக்கம் பாட்டி, நல்லா இருக்கீங்களா என்று கேட்கத் தெரிந்தவருக்கும் மொழிபெயர்ப்பாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் கிடைக்கும் பதில்கள் ஒன்றாக இருப்பதில்லை. அதைப் பலமுறை உடனிருந்து பார்த்திருக்கிறேன். பத்து மணி நேரப் பயிற்சிகூட அதற்குப் போதும்.

பிரெஞ்சின் அடுத்த கட்டம் தைப்பூச விடுமுறைக்கு மறுவாரம் தொடங்குகிறது. மறுபடியும் காலை 8 மணிக்கே. ஏ2 என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்னொரு 48 மணி நேரம், அதில் பாதி எழுத்துக்கு என்று மட்டும் பேசியிருக்கிறோம். டாக்கார் அலுவலகத்தாரின் குரல்களைப் பதிவுசெய்து வகுப்பில் பயன்படுத்த அனுமதி கேட்டு ஆசிரியரும் நானும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். முதல் வரைவைப் பிரெஞ்சில் நானே எழுதினேன், அவர் பதினொரு இடத்தில் திருத்தினார்.