குண்டுமல்லியா, ஜாதிமல்லியா, சம்பங்கியா: தருமபுரி வீட்டுத் தோட்டத்துக்கு எது ஏற்றது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே நாலடி மண்ணையாவது சிமெண்ட் பூசாமல் விடுவது பெரும்பாலும் ஒரு பூச்செடிக்காகத்தான். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் மணக்கும் பூ வேண்டுமென்று கேட்டால் இங்கே மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும்: குண்டுமல்லி, ஜாதிமல்லி, சம்பங்கி. மூன்றையும் வளர்த்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது, மணத்தை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே. செடி படர இடம் உண்டா, தழைத்து நிற்கும் செடியைப் பாதிக்கு வெட்ட மனம் வருமா, எந்த நேரத்தில் பூவைப் பறிக்க முடியும் என்பவைதான் முடிவு செய்கின்றன.

குண்டுமல்லி வெயிலை விரும்பும் செடி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படாத இடத்தில் இலை பச்சைப்பசேலென்று இருக்குமே தவிர மொக்கு வராது. ஓரடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு, ஆனி முதல் ஐப்பசிக்குள் நட்டுவிடலாம். வேர் பிடித்த ராமநாதபுரத்து நாற்று இப்பகுதிச் செம்மண்ணில் நன்றாகவே வருகிறது. ஆனால் கவாத்து செய்யாத, அதாவது கிளைகளை வெட்டிவிடாத குண்டுமல்லி வீட்டில் இருந்தும் பயனில்லை. கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், சில நாட்கள் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்ட வேண்டும். முதல் ஆண்டு என் தாயார் கத்தரியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அந்த ஆண்டு பங்குனியில் கிடைத்த பூ சாமி படத்துக்குக்கூடப் போதவில்லை. மறு ஆண்டு வெட்டினோம். வெட்டிய ஒவ்வொரு கிளையிலிருந்தும் மூன்று நான்கு தளிர்கள் கிளம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் கொத்தாக மொக்கு வைத்தது.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையே ஊற்றும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை வெளிறி மஞ்சளாகும். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள். உண்மையில் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை இலை நனையத் தெளித்தால் பச்சை திரும்பும். மொக்குகளை நூலாம்படையால் பின்னித் துளையிடும் மொக்குப்புழுவுக்கு, பாதித்த கொத்தைக் கிள்ளி அழித்துவிட்டு, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது வீட்டளவில் போதுமானது.

தெற்கே பிச்சி என்று அழைக்கப்படும் ஜாதிமல்லி வேறு சுபாவம் உடையது. நீண்ட கொடிபோல் கிளைகளை வீசும் இதற்குச் சுவரோ பந்தலோ வேண்டும். செடிக்குச் செடி ஐந்தடி இடைவெளி விட வேண்டும். கவாத்து ஒரு மாதம் தள்ளி, மார்கழியில். மொக்கின் வெளிப்புறத்தில் ஓடும் இளஞ்சிவப்புக் கீற்று, விரிந்ததும் வெள்ளைக்கு அடியில் மறைந்துவிடும். அந்த அழகு குண்டுமல்லிக்கு இல்லை. இதழ் மெல்லியது என்பதால், இரவில் மலர்ந்த பூ மறுநாள் வெயில் ஏறியதும் துவண்டுவிடும். காலையிலேயே மொக்காகப் பறித்துக் கட்டிவைக்க ஆள் இருக்கும் வீட்டுக்கே இது சரிப்படும்.

வாங்கும்போது இலையைப் பார்ப்பது அவசியம். ஜாதிமல்லி என்று ஒரு நர்சரியில் கொடுத்த நாற்றை இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகே, அது காக்கட்டான் என்னும் மணமில்லாத மல்லி வகை என்று எனக்குத் தெரிந்தது. ஜாதிமல்லியில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். காக்கட்டானிலோ தனித்தனி இலைகள்தான், தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும்.

மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கி கிழங்கிலிருந்து வளர்வது; கவாத்தே கிடையாது. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கை ஊன்றினால் மூன்று மாத அளவில் தண்டு எழும். மணத்துக்கு ஒற்றை இதழ் வகையே நல்லது, அடுக்குச் சம்பங்கி பூங்கொத்துக்கானது. பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ஒற்றை இதழ் ரகமே. தொட்டியிலும் வரும், ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து நடாவிட்டால் கிழங்குகள் நெருங்கிப் பூ சிறுத்துவிடும்; தண்ணீர் தேங்கினால் அழுகும்.

வெயில் படும் ஒரே ஓர் இடம் உள்ள தருமபுரி வீட்டுக்கு நான் குண்டுமல்லியையே சொல்வேன். மதியம் பறித்த மொக்கு விளக்கேற்றும் நேரத்தில் தலையிலேயே மலரும் வசதி மற்ற இரண்டிலும் இவ்வளவு எளிதாக வாய்க்காது. மார்கழி, தையில் மல்லி ஓய்ந்துவிடும் என்பது உண்மை. ஓசூர்க் குளிரில் அந்த இடைவெளி இன்னும் நீளும். மதில் ஓரம் நீளமாக உள்ளவர்கள் மறுகோடியில் ஒரு ஜாதிமல்லியை ஏற்றிவிடலாம். மாடியில் தொட்டி மட்டும் வைக்க முடிந்தவர்கள் சம்பங்கிக் கிழங்கு வாங்கட்டும். இரவில் படிக்கட்டு ஏறும்போதே அது இருக்கும் இடம் தெரியும்.